கைமாறும் புத்தகம்: லயத்து வாசகர்களுக்கு ஒரு பாடம்



வாசிப்பது நல்லது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நானும் அதையே சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. நாம் வாசித்த ஒரு நல்ல புத்தகத்தை அடுத்த காம்பராக்காரருக்கு எப்படிக் கைமாற்றுவது, அவர் வாசிக்கும்படி எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் இந்த இதழின் பாடம். முதலில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

1. பூட்டிய அலமாரி

சில வருஷங்களுக்கு முன், என் பொறுப்பில் இருந்த ஒரு தோட்டத்துக்கு நன்கொடையாக இரண்டு பெட்டி புத்தகம் வந்தது. பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து அறையில் ஒரு கண்ணாடி அலமாரி வைத்து, புத்தகங்களுக்கு உறை போட்டு, இலக்கம் எழுதி வரிசையாக அடுக்கினேன். ஒரு ரெஜிஸ்டரும் திறந்தேன். சாவி என் சட்டைப் பையில்! புதன்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் மட்டும் திறப்பேன். பிள்ளைகள் என்றால் தகப்பனின் கையெழுத்து வேண்டும். புத்தகம் காணாமல் போனால் யார் பதில் சொல்வது என்ற பயம் எனக்கு.

ஒரு நாள் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். கண்ணாடிக்குள் இருந்த ஒரு கடல் பிரயாணக் கதையைக் காட்டி, "சேர், அத ஒருக்கா தருவீங்களா?" என்று கேட்டான். நேரம் முடிந்துவிட்டது. "அடுத்த புதன் அப்பாவின் கையெழுத்தோடு வா" என்று அனுப்பினேன். அவன் வரவில்லை. அடுத்த மாசம் விசாரித்தால், படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். ஒரு புத்தகம் அவனை நிறுத்தி வைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக் கஷ்டம் பெரியது. ஆனால் அவன் கேட்ட ஒன்று என்னிடம் இருந்தும் நான் கொடுக்கவில்லை. அது இன்னும் என் மனசில் இருக்கிறது.

வருஷ முடிவில் ரெஜிஸ்டரை எண்ணிப் பார்த்தேன். வெளியே போன புத்தகம் மொத்தம் ஒன்பது. "நம்ம ஆட்களுக்கு வாசிப்பில் ஆசை இல்லை" என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அப்போது பேரப்பிள்ளையைக் கூட்டிப் போக வந்த ஒரு பாட்டி, அலமாரியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங்கய்யா, இந்தப் புஸ்தகமெல்லாம் மனுசருக்கா, அலமாரிக்கா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த வசனத்தை எழுதாமல் பேனையை மூடினேன்.

2. நமக்கு இது புதிது அல்ல

நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்தில் லயத்தில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவர் இருவர்தான் இருந்தார்கள். ஆனாலும் கதை தெரியாத ஆள் இல்லை. ஊரிலிருந்து வந்த பெரிய எழுத்துப் புத்தகங்களை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை போன்றவற்றை, குப்பி லாம்பு வெளிச்சத்தில் ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார். மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். ஒரே புத்தகம் எத்தனையோ காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

தொழிற்சங்கம் வளர்ந்ததிலும் இந்தப் பழக்கத்துக்குப் பங்கு உண்டு. தஞ்சாவூரிலிருந்து இலங்கை வந்த கோ. நடேசய்யர், பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் அச்சடித்தே தோட்ட மக்களைத் தட்டி எழுப்பினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள், தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். அந்தப் பாட்டுகள் அச்சாகியும் பரவின. வாசிக்கத் தெரியாதவரும் காதால் கேட்டுப் பாடமாக்கலாம் அல்லவா? அதனால்தான் பாட்டைத் தெரிந்தெடுத்தார்கள்.

இனிக் கொஞ்சம் வெளியுலகத்தைப் பார்ப்போம். கியூபா நாட்டில் சுருட்டுத் தொழிற்சாலைகள் பேர் போனவை. நாம் கொழுந்து பறிப்பதுபோல அவர்கள் புகையிலை சுருட்டுகிறார்கள். 1865ஆம் ஆண்டு ஹவானா நகரில் 'எல் பிகாரோ' என்ற தொழிற்சாலையில் ஒரு புது வழக்கம் ஆரம்பமானது. கை வேலை செய்துகொண்டிருக்கும், காது சும்மாதானே இருக்கிறது? ஒருவர் மேடையில் இருந்து சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் சுருட்டுச் சுருட்டியபடி கேட்பார்கள். வாசிப்பவரின் கூலியைத் தொழிலாளர்களே தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். எந்தப் புத்தகம் வாசிப்பது என்பதையும் அவர்களே தெரிவு செய்தார்கள். அடுத்த வருஷமே, 1866இல், ஆட்சியாளர்கள் இதைத் தடை செய்தார்கள். கேட்டுக் கேட்டுத் தொழிலாளிக்கு விவரம் வந்துவிடும் என்று பயந்திருப்பார்கள்! ஆனாலும் அந்த வழக்கம் அழியவில்லை, இன்றும் இருக்கிறது. அங்கே செய்யும் ஒரு சுருட்டின் பெயர் 'மொண்டி கிறிஸ்டோ'. தொழிலாளர்கள் விரும்பிக் கேட்ட ஒரு பிரெஞ்சு நாவலில் இருந்து வந்த பெயர் அது.

கியூபா தூரம் என்றால் பக்கத்திலேயே ஒன்று சொல்கிறேன். கேரளாவில் கண்ணூர்ப் பகுதியில் பீடி சுற்றும் தொழிலாளர்கள், தங்களில் ஒருவரைப் பேப்பரும் புத்தகமும் வாசிக்கச் சொல்லி வைத்தார்கள். அவர் வாசித்த நேரத்துக்கு உரிய பீடியை மற்றவர்கள் தங்கள் பங்கிலிருந்து சுற்றிக் கொடுத்தார்கள். வாசித்தவரின் கூலி குறையவில்லை. இதைக் கேட்டபோது நம் பெண்கள் சுகமில்லாத கூட்டாளிக்காகத் தங்கள் கூடையிலிருந்து இரண்டு பிடி கொழுந்து போடுவதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது.

3. ஒரு கணக்கு வாத்தியார் சொன்ன ஐந்து விதிகள்

தமிழ்நாட்டில் சீர்காழியில் 1892இல் பிறந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். சென்னையில் கணிதம் படிப்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, 1931இல் நூல்நிலையத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். உலகம் முழுக்க நூலகம் பற்றிப் படிக்கிறவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அதன் கருத்தை என் சொல்லில், நம்ம தோட்டத்துக்குப் பொருத்திச் சொல்கிறேன்.

முதலாவது: புத்தகம் பாவிப்பதற்காகவே இருக்கிறது. உறை அழுக்காகாத புத்தகம் வேலை செய்யாத புத்தகம். அந்தப் பாட்டி கேட்டதும் இதையேதான். ரங்கநாதனை அவருக்குத் தெரியாது, விதி தெரிந்திருக்கிறது.

இரண்டாவது: வாசிக்கிற ஒவ்வொருவருக்கும் அவருக்கேற்ற புத்தகம் கிடைக்க வேண்டும். கண் மங்கிய பெரியவருக்குப் பெரிய எழுத்து வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்குச் சின்ன வசனம் வேண்டும். எழுத்தே தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும்.

மூன்றாவது: ஒவ்வொரு புத்தகத்துக்கும் எங்கேயோ ஒரு வாசகர் இருக்கிறார். இது யாருக்கும் உதவாது என்று ஒதுக்காதீர்கள். மாட்டு வைத்தியப் புத்தகம் ஒன்று நம் அலமாரியில் ஒரு வருஷம் தூங்கியது. மேல் லயத்தில் பால்மாடு வளர்க்கும் ஒருவரிடம் கொடுத்த பிறகு அது திரும்பி வரவே மூன்று மாசம் ஆனது.

நான்காவது: வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. காலையில் பெரட்டுக்குப் போய், மலையில் நின்று, அந்தியில் கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும் ஒரு பெண்ணுக்கு, புதன்கிழமை பின்னேரம் வரிசையில் நிற்க நேரம் ஏது? புத்தகம்தான் அவரிடம் போக வேண்டும்.

ஐந்தாவது: நூல்நிலையம் வளர்கிற ஒரு உயிர். நம் தேயிலை மாதிரி. கவ்வாத்தும் வேண்டும், புதுக் கன்றும் வேண்டும்.

ரங்கநாதன் விதிகளை எழுதிய அதே 1931இல், மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசல் கிராமத்தைச் சேர்ந்த கனகசபை என்பவர், மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் நூலகத்தை ஆரம்பித்தார். தஞ்சாவூர்ச் சீமை நம்மில் பலருடைய பூட்டன்மார் புறப்பட்ட சீமைதான். அங்கே புத்தகம் வண்டி ஏறி ஆளைத் தேடிப் போனது. இங்கே நான் அலமாரியைப் பூட்டிக்கொண்டு ஆள் வரட்டும் என்று இருந்தேன்.

4. நம்மைப் பற்றியே புத்தகம் இருக்கிறது

பலருக்கு ஒரு எண்ணம் உண்டு. புத்தகம் என்றால் ராஜா கதை, சென்னைக் கதை, இல்லாவிட்டால் பிள்ளைகளின் பாடப் புத்தகம். நம் லயத்தையும் நம் கூடையையும் பற்றி நல்ல நல்ல புத்தகங்கள் வந்திருக்கின்றன. நம் கைக்கு வராததால் நமக்குத் தெரியவில்லை. சிலவற்றைச் சொல்கிறேன், யாருக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். தேயிலைத் தோட்ட வாழ்க்கையை ஆங்கிலத்தில் நீண்ட கவிதையாக எழுதினார். உலகம் அதை வாசித்தது, நம் மக்களால் வாசிக்க முடியவில்லை. சக்தீ பால ஐயா அதைத் தமிழாக்கினார். 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற பெயரில் 1969இல் நம் கண்டியிலிருந்தே அது புத்தகமாக வந்தது. ஒரு நல்ல புத்தகத்தைக் கைமாற்றுவதில் மொழிபெயர்ப்பும் ஒரு வகை என்பதற்கு இது சாட்சி. பாட்டு, கவிதை விரும்பும் இளம் பிள்ளைகளுக்கு இதைக் கொடுங்கள். அதே சி. வி. தமிழில் எழுதிய நாவல் 'வீடற்றவன்'. சங்க வேலையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு ஏற்றது. பெரியவர்கள் வாயில் இருந்த பாட்டுகளைச் சேகரித்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்றும் அவர் ஒரு புத்தகம் போட்டார். இதைப் பாட்டிமாரிடம் வாசித்துக் காட்டினால் பாதியை அவர்களே பாடி முடித்துவிடுவார்கள்.

கோகிலம் சுப்பையா எழுதிய 'தூரத்துப் பச்சை' 1964இல் வந்த நாவல். இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் பாடுகளைச் சொல்வது. குடும்பக் கதை விரும்பும் தாய்மாருக்கு நல்லது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1980இல் வந்த சிறுகதைத் தொகுதி. கொழுந்தெடுக்கும் பிள்ளைகளின் திறமையும் மானமும் அதில் தெரியும். சிறுகதை என்பதால் ஒரு இரவில் ஒரு கதை முடித்துவிடலாம், நேரம் இல்லாதவர்களுக்குச் சௌகரியம். மலையகச் சிறுகதைப் போட்டிகளில் பரிசு பெற்ற கதைகளை வீரகேசரி 1971இல் 'கதைக் கனிகள்' என்று வெளியிட்டது. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் வந்தது. நாவல் வாசித்துப் பழக்கமானவர்களுக்கு அதைச் சொல்லலாம்.

கண்டிக்குப் பக்கத்தில் தலாத்துஓயாவில் வாழ்ந்த கே. கணேஷ் (1920–2004) வெளிநாட்டுக் கதைகளையும் கவிதைகளையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். நம்ம பக்கத்து ஆள் ஒருவர் தேயிலை மலை நடுவில் இருந்துகொண்டு சீன எழுத்தாளர் லூசுனைத் தமிழில் தந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இவை கடையில் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். 2005இல் ஆரம்பமான 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில், இலங்கையில் வந்த ஆயிரக்கணக்கான தமிழ்ப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் காசில்லாமல் வாசிக்கக் கிடைக்கின்றன. வீட்டில் போன் வைத்திருக்கும் பிள்ளையிடம் சொன்னால் தேடித் தரும். டவுனுக்குப் போகும் நாளில் கண்டி பொது நூலகத்திலும் போய்க் கேட்டுப் பாருங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

5. எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

அலமாரியைத் திறந்து வைத்த பிறகு நான் படித்துக்கொண்டது இதுதான். புத்தகம் தானாகப் போவதில்லை, ஒருவர் வாயால் சொல்லித்தான் போகிறது. "நல்ல புத்தகம், வாசி" என்று சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள். கீழே உள்ளபடி செய்து பாருங்கள்.

(அ) முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். என்ன படம் பிடிக்கும், ரேடியோவில் என்ன கேட்பார், எதைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்.

(ஆ) மூன்று வசனம் போதும். கதையில் யார் வருகிறார், அவருக்கு என்ன சிக்கல், உங்கள் ஞாபகம் ஏன் எனக்கு வந்தது. இந்த மூன்றாவது வசனம்தான் ஆளை இழுக்கும். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

(இ) குறையையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். "முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் இழுக்கும், பிறகு விடாது" என்றால் அவர் பத்தாம் பக்கத்தில் மூடி வைக்க மாட்டார். சிறு பிள்ளைகளுக்குச் சரிவராத பகுதி இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

(ஈ) பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க இடம் கொடுங்கள். "வாசிச்சியா? எங்க, சொல்லு பாப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். பரீட்சைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் நம்மில் பலர்.

(உ) அவர் சொல்வதையும் கேளுங்கள். சொல்வது மட்டும் ஒருவர், கேட்பது மட்டும் ஒருவர் என்றால் அது வகுப்பு. இருவரும் மாறி மாறிச் சொன்னால்தான் கூட்டாளித்தனம்.

(ஊ) புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டுங்கள். வாசித்தவர் தன் பெயரையும் ஒரே ஒரு வரியில் அபிப்பிராயத்தையும் எழுதட்டும். எழுதத் தெரியாதவர் சொல்ல, இன்னொருவர் எழுதலாம். அடுத்து எடுப்பவர் முதலில் அந்தத் துண்டைத்தான் பார்ப்பார், நீங்களே பாருங்கள்.

புத்தகத்தைப் பாதுகாப்பதும் முக்கியம். நம்ம மலையில் மழையும் பனியும் அதிகம். பொலித்தீன் பையில் போட்டுக் கைமாற்றுங்கள். ஆனால் பையிலேயே கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் படும் இடத்தில், சுவரில் முட்டாமல் வையுங்கள். கிழிந்த பக்கத்தைச் சோற்றுப் பசையும் மெல்லிய கடதாசியும் போட்டு ஒட்டலாம். தொலைந்துவிட்டால் தண்டம் வேண்டாம். தண்டத்துக்குப் பயந்து எடுக்காமல் இருப்பதைவிட, ஒரு புத்தகம் தொலைவது மேல்.

6. பிறகு என்ன நடந்தது?

சாவியை இரண்டு பெண்பிள்ளைகளிடம் கொடுத்தேன். அவர்கள் வாரம் ஒரு லயம் என்று பையில் பத்துப் புத்தகம் கொண்டுபோனார்கள். சில புத்தகம் தொலைந்தது உண்மை. சிலவற்றின் அட்டை போய்விட்டது. சில வீடுகளில் "எங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். எல்லாம் ஒரே நாளில் மாறவில்லை.

ஆனால் அன்று கேள்வி கேட்ட பாட்டிக்கு, எட்டாம் வகுப்புப் பேத்தி 'தூரத்துப் பச்சை'யை இரவில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டியது. பாட்டி இடையிலே நிறுத்தி, "எங்க அப்பாயி சொன்னது வேற மாதிரி" என்று மண்டபம் முகாம் பற்றியும் கப்பல் ஏறியது பற்றியும் தன் குடும்பத்துக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாராம். பேத்தி அதை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறது. 2023இல் நம் மக்கள் இங்கே வந்து 200 ஆண்டு என்று நாடு முழுக்கப் பேசினார்கள். அந்த இருநூறு வருஷத்தில் ஒரு குடும்பத்தின் பங்கு அந்தக் கொப்பியில் இருக்கிறது. புத்தகம் கைமாறாமல் இருந்திருந்தால் அது பாட்டியோடேயே போயிருக்கும்.

கொழும்புக்குப் போன பையன் ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தான். நான் தேடிப் போய் அந்தக் கடல் பிரயாணக் கதையைக் கொடுத்தேன். "இப்ப எங்க சேர் நேரம்?" என்று சிரித்தான். ஆனாலும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் அதை ரெஜிஸ்டரில் எழுதவில்லை.

லயத்தில் கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. உங்களுக்கு முதன்முதலில் ஒரு கதையை வாசித்தோ சொல்லியோ காட்டியவர் யார்? அவர் செய்தது உங்களுக்கு எப்படி உதவியது?

2. உங்கள் லயத்தில் வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் வாசித்துக் காட்டலாம்? அந்த நேரத்து வேலையை யார் பங்கு போட்டுக்கொள்வது?

3. உங்கள் வீட்டில் தூங்கும் ஒரு புத்தகத்தை எடுங்கள். அது யாருக்குப் பொருந்தும் என்று யோசித்து, மூன்று வசனத்தில் சொல்லிக் கொடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நலன்புரி உத்தியோகத்தர்